ஆரோக்கியமானவர்களின் ஐஜிஜி (ஆன்டிபாடி) கொடுத்தாலும் பாஸ்போ-பி38 ஏறுகிறது, உதவி தேவை

ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி (உடலின் சொந்த ஆன்டிபாடிகளே ரத்தத்தை உறையவைக்கும் நோய்) உள்ளவர்களின் ஐஜிஜியை ஹியூவெக் செல்களில் (தொப்புள்கொடி ரத்தநாளத்தின் உட்சுவர் செல்கள்) இட்டு, 30 நிமிடம் கழித்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) பார்க்கிறேன். பாஸ்போ-பி38 (செல்லுக்குள் செய்தி கடத்தும் பி38 புரதத்தின் தூண்டப்பட்ட வடிவம்) பட்டை அடர்த்தியாக வருகிறது, சரி. ஆனால் ஆரோக்கியமானவர்களின் ஐஜிஜியிலும் அதே அடர்த்தி! மொத்த பி38 எல்லாவற்றிலும் சமம். இரண்டுமே புரோட்டீன் ஜி (ஐஜிஜியைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) நிரப்பிய பிரிப்புக் குழாயில் பிரித்தவை.

எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) கலந்திருக்குமோ என்று சந்தேகம். அதுவும் டிஎல்ஆர்4 என்ற செல் ஏற்பி வழியாகத்தான் பி38, என்எப்-கப்பாபி (அழற்சி மரபணுக்களை இயக்கும் புரதம்) இரண்டையும் தூண்டும். அப்புறம் திசுக் காரணி (ரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் புரதம்) கூடினாலும் அது ஆன்டிபாடியின் வேலை என்று எப்படிச் சொல்வது? எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தேன், ஓரளவுதான் குறைந்தது. ஆன்டிபாடி சிதையும்படி கொதிக்கவைத்த ஐஜிஜியும் பட்டை தருகிறது. புது பஃபர், புது செல்கள், சீரம் இல்லாத மீடியம் எதுவும் பலிக்கவில்லை. நோயாளிகள் தந்த ரத்தம், வீணாக்க மனம் வரவில்லை.

ஆன்டி-பீட்டா2ஜிபிஐ (இந்த நோயில் பீட்டா2ஜிபிஐ என்ற ரத்தப் புரதத்தைக் குறிவைக்கும் ஆன்டிபாடி) வீரியம் குறையாமல் ஐஜிஜியிலிருந்து எண்டோடாக்சினை நீக்க உங்களுக்கு எந்த முறை கைகொடுத்தது?