நாப்பாவா, சாதா லெதரா, லெதரெட்டா? ஆர்டரை உறுதி செய்யும் முன் ஒரு கேள்வி

புதுச்சாவி:

எல்லோருக்கும் வணக்கம். புது வண்டிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. எஞ்சின், வெளி நிறம், சக்கரம் எல்லாம் முடிவு செய்துவிட்டேன். சீட் ஒன்றுதான் பாக்கி. இந்த வார இறுதிக்குள் சொல்லாவிட்டால் தயாரிப்பு வரிசையில் என் வண்டி பின்னால் போய்விடுமாம்.

நான்கு வகை தருகிறார்கள். அடிப்படை விலையிலேயே வருவது லெதரெட், அதாவது செயற்கைத் தோல், கறுப்பு மட்டும். அதற்கு மேல் வெறுமனே "லெதர்" என்று போட்ட ஒன்று: கறுப்பு, பழுப்பு, சாம்பல். அதற்கும் மேல் நாப்பா என்ற மென்மையான தோல். யானைத் தந்த நிறம் இதில்தான் கிடைக்கும், கூடவே வைர வடிவத் தையலும் வரும். நான்காவது, நடுவில் அல்கான்டாரா என்ற மெத்தென்ற துணி, ஓரங்களில் லெதர். சீட்டுக்குள்ளிருந்து காற்று வரும் வசதியை லெதரிலும் நாப்பாவிலும் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தால் சீட்டின் நடுப்பகுதியில் துளைகள் இருக்கும்.

ஷோரூமில் தொட்டுப் பார்த்தேன். நாப்பாவின் மென்மை கை வைத்ததுமே தெரிகிறது. ஆனால் சாதா லெதரையும் லெதரெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. விற்பனையாளரைக் கேட்டால் "நாப்பாதான் சார் பிரீமியம்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

வண்டி வெயிலில்தான் நிற்கும். பெரும்பாலும் ஜீன்ஸ்தான் போடுவேன். இரண்டு பிள்ளைகள், சின்னவளுக்கு இன்னும் குழந்தை சீட். வண்டியைச் சீக்கிரம் மாற்றும் எண்ணமும் இல்லை. மனைவிக்கு அந்தத் தந்த நிறம் ரொம்பவே பிடித்துவிட்டது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புவண்டி:

லெதரெட் எடுங்கள், கதை முடிந்தது. பிஎம்டபிள்யூவின் சென்சாடெக், மெர்சிடிஸின் ஆர்டிகோ, டொயோட்டாவின் சாஃப்டெக்ஸ் எல்லாமே செயற்கைதான். விலை உயர்ந்த வண்டிகளிலேயே அவற்றைப் போட்டுத்தான் விற்கிறார்கள். டெஸ்லாவில் விலங்குத் தோல் சீட்டே கிடையாது. பிள்ளைகள் ஜூஸைக் கொட்டினால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். என் வண்டியில் அதுதான் இருக்கிறது, ஏறி உட்கார்ந்தவர்கள் யாரும் இது லெதரா என்று கேட்டதில்லை. கறுப்பு வெயிலில் சுடும், அது உண்மை. மிச்சமாகும் பணத்துக்கு நல்ல டயர் வாங்கலாம்.

ஊசிநூல்:

கார் சீட்டைப் பிரித்து மறுபடி தைப்பதுதான் என் தொழில். என் மேசைக்குப் புது சீட் வருவதில்லை. பல வருடம் உட்கார்ந்து நைந்ததுதான் வரும். அதனால் ஷோரூமில் எது அழகு என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எது எங்கே கிழியும் என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் விலைப்பட்டியலின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். "லெதர் சீட்" என்று விற்கப்படுவதில் பல, உடல் படும் இடங்களில் மட்டுமே தோல். சீட்டின் வெளிப்பக்கம், முதுகுப்புறம், தலைத்திண்டின் பின்பக்கம், கதவுப் பலகை எல்லாம் அதே நிறத்து ரெக்சினாக இருக்கும். சில வண்டிகளில் பின்சீட்டில் தோலே இருக்காது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் எதற்குப் பணம் தருகிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். எந்தெந்தப் பகுதி தோல் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, கண்ணை மூடினால் வித்தியாசம் தெரியவில்லை என்றீர்கள். தெரியாதுதான். கார் சீட்டுக்கு வரும் தோலில் பெரும்பகுதி, பதனிட்ட பிறகு நிறப்பூச்சும் அதற்கு மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சும் வாங்கிய தோல். உங்கள் விரல் தொடுவது அந்தப் பூச்சைத்தான். விலை குறைந்த தோலில் கொசுக்கடி, கீறல் தழும்பு போன்றவற்றை மறைக்க மேல்பரப்பைத் தேய்த்துவிட்டு, இயந்திரத்தால் வரி அழுத்தி, கனமாகப் பூசுவார்கள். அது லெதரெட் மாதிரியே இருப்பதில் ஆச்சரியம் என்ன? நல்ல நாப்பாவில் மேல்பரப்பைத் தேய்ப்பதில்லை, பூச்சும் மெல்லிசு. அந்த மென்மை வருவது அதனால்தான். கறையும் கீறலும் சீக்கிரம் ஏறுவதும் அதே காரணத்தால்தான். அதற்கும் மேலே அனிலின் என்று ஒரு வகை உண்டு, வெறும் சாயம் மட்டும் ஏற்றி, பூச்சே இல்லாமல். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். விலை ஏற ஏற உழைப்பும் ஏறும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இந்தச் சரக்கில் கணக்கு பல நேரம் தலைகீழ்.

கறுப்புவண்டி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நல்ல லெதரெட், மட்டமான தோலைவிட நீண்ட நாள் உழைக்கும். ஆனால் லெதரெட் மூச்சு விடாது, நீண்ட பயணத்தில் முதுகு நனைந்துவிடும். இன்னொன்று, தோலில் பூச்சு வெடித்தால் இழைத்து, நிரப்பி, நிறம் ஏற்றிச் சரி செய்துவிடலாம். லெதரெட் உரியத் தொடங்கிவிட்டால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு வேறு தைக்க வேண்டியதுதான். அதிலும் பாலியூரித்தேன் வகையில் மட்டமானது புழுக்கத்திலும் ஈரத்திலும் கெட்டுச் செதில் செதிலாக உதிரும். பிவிசி வகை உதிராது. ஆனால் அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் வெயிலில் மெல்ல வெளியேறி, நாளாக ஆக விறைத்துப்போகும்.

இப்போது கிழியும் இடம். ஓட்டுநர் சீட்டின் கதவுப்பக்கத் திண்டு. என்னிடம் வரும் வேலையில் பெரும்பாலானது அந்த ஒரு கை அகலத் துண்டுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை அதன் மேல் இழுபடுகிறது, ஜீன்ஸின் பொத்தானும் கூடவே உரசுகிறது. முதலில் பூச்சில் முடி போன்ற கோடுகள் வரும், பிறகு நிறம் போகும், பிறகுதான் தோல் கிழியும். ஸ்போர்ட்ஸ் சீட் என்று திண்டை உயர்த்தி வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். நாப்பாவின் மெல்லிய பூச்சு அந்த உரசலை வாங்குவதும் அதே இடத்தில்தான்.

தந்த நிறம் பற்றி வீட்டில் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள், திட்டு எனக்கே வரட்டும். ஜீன்ஸின் நீலச்சாயம் வெளிர் நிறத் தோலில் ஏறும், புது ஜீன்ஸும் வியர்வையும் சேர்ந்தால் வேகமாக ஏறும். உடனுக்குடன் துடைத்தால் போகும். விட்டுவைத்தால் பூச்சுக்குள் இறங்கிவிடும், அப்புறம் மேலே மறுபடி நிறம் பூசுவதைத் தவிர வழியில்லை. கறுப்பு நிறம் சாயத்தை மறைக்கும், ஆனால் வெயிலில் சுடும், தூசியும் பளிச்சென்று தெரியும். பழுப்போ நடுத்தரச் சாம்பலோ இரண்டுக்கும் தாக்குப்பிடிக்கும்.

வைரத் தையலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. தைப்பவன் கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் பிஸ்கட் தூளும் மணலும் தங்கும். மணல் தங்கினால் நூலை அரிக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் சாதா லெதர், பழுப்பு, சீட் காற்றோட்டம். நாப்பாவுக்குக் கூடுதலாகத் தரும் பணத்தைவிடக் காற்றோட்டத்துக்குத் தரும் பணம் உங்கள் முதுகுக்குத் தினமும் பயன்படும்.

புதுச்சாவி:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி அண்ணா. பொடி எழுத்தைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே "அமரும் பரப்புகள்" என்றுதான் இருக்கிறது. பின்சீட் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு யோசனை. இருப்பதிலேயே குறைந்த சீட்டோடு வண்டியை எடுத்துவிட்டு, வெளியே நல்ல தோல் வாங்கி உறை தைத்துக்கொண்டால் என்ன? நண்பர் ஒருவர் அப்படிச் செய்திருக்கிறார், பார்க்க நன்றாகவே இருக்கிறது.

ஊசிநூல்:

என் பிழைப்புக்கு எதிராக நானே பேச வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

சீட்டின் வெளிப்பக்கத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணித்துண்டு தைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால், பக்கவாட்டு ஏர்பேக் அந்தச் சீட்டுக்குள்ளேதான் மடிந்து கிடக்கிறது. மோதலின்போது கண் இமைப்பதற்குள் அது தையலைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். அதற்காகவே அந்த ஒரு தையலைத் தனி நூலில், தனி இழுவிசையில் ஆலையில் போடுகிறார்கள். மேலே கெட்டியான தோலை இறுக்கித் தைத்துவிட்டால் ஏர்பேக் தாமதமாக வரலாம், தப்பான பக்கம் திரும்பலாம். முன்பயணி சீட்டின் அடியில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கும் உணரியும் பல வண்டிகளில் உண்டு. தடித்த உறை அதையும் குழப்பலாம். காற்று வரும் சீட்டாக இருந்தால் அந்தக் காற்றும் உறையோடு நின்றுவிடும். பக்க ஏர்பேக் உள்ள சீட்டுக்கு நான் உறை தைப்பதில்லை, கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். தோல் வேண்டுமென்றால் ஆலையிலிருந்தே வரட்டும்.

பின்சீட்டுராணி:

குழந்தை சீட் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். தோல் சீட்டின் மேல் இறுக்கிக் கட்டும்போது அடியில் பள்ளம் விழும். கழற்றிய பிறகு ஓரளவு எழும்பும், முழுக்க எழும்பாது. பள்ளத்தைவிட மோசம், இடையில் மாட்டிக்கொள்ளும் மணல். வண்டி ஆட ஆட உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்துவிடுங்கள். அடியில் பாய் போடுவதாக இருந்தால் குழந்தை சீட்டின் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், தடித்த பாய் இருந்தால் பிடிப்பு தளரும். கறுப்பு ரப்பர் அடிப்பாகம் உள்ள பாய் வெளிர் நிறத் தோலில் கறை விடும், அதையும் கவனியுங்கள்.

அல்கான்டாரா பற்றியும் ஒரு வார்த்தை. அது தோலே இல்லை. 1970-இல் ஜப்பானின் தோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கிய பொருள். பாலியெஸ்டர் நுண்ணிழையும் பாலியூரித்தேனும் சேர்ந்தது, இத்தாலியில் தயாராகிறது. வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் தோல் மாதிரி சுடாது, வளைவில் உடம்பு வழுக்காது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் மேலே உள்ள மெல்லிய இழைகள் அமுங்கிப் பளபளத்துவிடும், அடிக்கடி மென்மையான பிரஷ்ஷால் நிமிர்த்த வேண்டும். பிள்ளைகள் பெரியவர்களானதும் யோசியுங்கள்.

ஊசிநூல்:

ராணி அம்மா சொன்னது அத்தனையும் சரி. கூட ஒன்று: கை சுத்தம் செய்யும் சானிடைசர். அதிலுள்ள ஆல்கஹால் பூச்சைக் கரைக்கும். ஸ்டியரிங்கும் கைத்திண்டும் பிசுபிசுத்து வருவதற்கு இப்போதெல்லாம் அதுவும் ஒரு காரணம். கை நன்றாகக் காய்ந்த பிறகு தொடுங்கள்.

புதுச்சாவி:

பதில் வந்துவிட்டது. பின்சீட்டில் அமரும் பரப்பு தோல்தான், கதவுப் பலகைகள் செயற்கை. பழுப்பு லெதர், காற்றோட்டத்துடன் என்று உறுதி செய்துவிட்டேன். மனைவிக்காக, அந்தத் தந்த நிறத்தில் கூரைத் துணி, அது மேலேதான் இருக்கும், ஜீன்ஸ் எட்டாது.

கடைசியாக ஒன்று. டெலிவரிக்கு முன் சீட்டுக்கு ஏதோ பாதுகாப்புக் கோட்டிங் அடித்துத் தருகிறோம், தனிக் கட்டணம் என்கிறார்கள். வேண்டுமா? அப்புறம், மாதாமாதம் லெதர் கிரீம் தடவ வேண்டுமா?

ஊசிநூல்:

கோட்டிங் வேண்டாம். ஆலைப் பூச்சே உங்கள் பாதுகாப்பு. கிரீமும் வேண்டாம். பூச்சுள்ள தோலுக்குள் அது இறங்காது, மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும், துளைகளையும் அடைக்கும். நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும். அழுக்கு அதிகமானால் மட்டும் அதில் மிதமான சோப்பு நுரை, துணியில் தொட்டுத்தான், துளைகள் மேல் நேரடியாக ஊற்றக் கூடாது. கதவுப்பக்கத் திண்டை மட்டும் வாரம் ஒருமுறை துடையுங்கள், மற்ற இடங்களுக்கு மாதம் ஒன்று போதும்.