உண்மை சொன்ன கௌசிகனுக்கும் நரகம், பொய் சொன்ன தருமருக்கும் நரகமா?

மிளகுரசம் கேட்டது:

மகாபாரதம் முழு மொழிபெயர்ப்பில் கர்ண பர்வம் வரை வந்துவிட்டேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

17ஆம் நாள் போர். கர்ணனிடம் செமத்தியாக அடி வாங்கிய தருமர் பாசறைக்குத் திரும்பிப் படுத்துவிடுகிறார். அண்ணனுக்கு என்ன ஆயிற்றோ என்று அர்ஜுனனும் கண்ணனும் பார்க்க வருகிறார்கள். கர்ணனைக் கொன்றுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று தருமர் நினைத்துக்கொள்கிறார். இல்லை என்று தெரிந்ததும் தம்பியை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, உன் காண்டீவ வில்லை வேறு யாரிடமாவது கொடு என்கிறார். அப்படிச் சொல்பவன் தலையை வெட்டுவேன் என்று அர்ஜுனன் ரகசியமாக ஒரு விரதம் வைத்திருக்கிறான். வாளை உருவிவிட்டான்!

கண்ணன் தடுத்து இரண்டு கதை சொல்கிறார். ஒன்று பலாகன் என்ற வேடன், இன்னொன்று கௌசிகன் என்ற முனிவர். கௌசிகன் ஆறுகள் கூடும் இடத்தில் இருந்து தவம் செய்பவர், உண்மையைத் தவிர எதுவும் பேசுவதில்லை என்று விரதம். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஒரு கூட்டம் அங்கிருந்த காட்டுக்குள் ஓடி ஒளிகிறது. துரத்தி வந்தவர்கள் கேட்க, இந்தக் காட்டுக்குள்தான் போனார்கள் என்று இவர் சொல்லிவிடுகிறார். அத்தனை பேரும் வெட்டுப்படுகிறார்கள். கௌசிகனுக்கு நரகம்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசிப் பர்வத்தில் தருமருக்கு நரகத்தைக் காட்டுகிறார்களே? மகன் அசுவத்தாமன் செத்துவிட்டான் என்று துரோணரிடம் பொய் சொல்லி அவரை வீழ்த்தினதுக்காகத்தானே? உயிரைக் காக்கப் பொய் சொல்லலாம் என்றால் அதற்கு எதற்கு நரகம்? சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம் என்றால் மனுஷன் எந்தப் பக்கம்தான் போவது?

கூத்துப்பைத்தியம்:

முதல் ஆளாக வந்து 292ஆம் குறளைப் போட்டுவிடுகிறேன், எப்படியும் யாராவது போடத்தான் போகிறீர்கள். "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." கௌசிகன் கதைக்கு இது போதும். தருமருக்குப் போதாது. அந்தப் பொய்யால் வந்தது புரைதீர்ந்த நன்மையா என்பதுதானே கேள்வியே.

அப்புறம் ஒரு சங்கதி. எங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோவிலில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளத்தில் துரியோதனனைச் சாய்த்தால் கதை முடிந்தது. வில்லிபாரதமும் பத்துப் பருவத்தோடு நின்றுவிடுகிறது. சுவர்க்கம், நரகம் வரைக்கும் அதில் போவதே இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தத் தலைவலி வராமல் போனது அதனால்தானோ என்னவோ :)

பழைய பெஞ்சு கிளார்க்:

மிளகுரசம் தம்பி, நல்ல கேள்வி. சர்வீஸ் முழுக்க சாட்சிகளுக்கு சத்தியப் பிரமாணம் செய்து வைத்தவன் நான். அதனால் இந்த விஷயத்தை என்னால் கோர்ட்டு வழியாகத்தான் பார்க்க முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கௌசிகன். (வனபர்வத்தில் கொக்கை எரித்துவிட்டு, மிதிலையில் இறைச்சி விற்பவரிடம் போய்ப் பாடம் கேட்கிற கௌசிகர் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இவரைத் தண்டித்தது உண்மை பேசியதற்காக என்று நான் நினைக்கவில்லை. கண்ணன் அதே இடத்தில் வரிசைப்படுத்திச் சொல்கிறார். பேசாமலிருந்தே தப்பிக்க முடியுமானால் வாயைத் திறக்காதே. பேசித்தான் ஆகவேண்டும், மௌனமே சந்தேகத்தைக் கிளப்பும் என்றால் பொய் சொல்வது மேல். கௌசிகன் இதில் எதையுமே யோசிக்கவில்லை. எதிரே கத்தியோடு நிற்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று தெரியும், காட்டுக்குள் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்றும் தெரியும். தன் விரதத்தில் கறை படக்கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

இனி 15ஆம் நாளுக்கு வாருங்கள். மாளவ நாட்டு இந்திரவர்மனின் அசுவத்தாமன் என்கிற யானையை பீமன் கொன்றுவிட்டு, அசுவத்தாமன் செத்தான் என்று கத்துகிறான். துரோணர் நம்பவில்லை. மூவுலகும் கிடைத்தாலும் இவன் பொய் சொல்லமாட்டான் என்று தருமரிடம் கேட்கிறார். அந்த இடத்தில் வியாசர் தருமர் மனசையே திறந்து காட்டுகிறார்: பொய்க்கு அஞ்சினார், ஆனால் வெற்றியின் மேல் ஆசை. அசுவத்தாமன் செத்தான் என்று உரக்கச் சொல்லிவிட்டு, 'யானை' என்பதை வாய்க்குள் சொல்கிறார். கண்ணன் சங்கு ஊதி அந்த வார்த்தையை மறைத்தார் என்று நாம் கேட்ட கதைக்கு மூலத்தில் வேலையே இல்லை. குரலைத் தாழ்த்தியது தருமரேதான்.

இந்தத் தாழ்ந்த குரலை நான் கூண்டில் நிறையக் கேட்டிருக்கிறேன். பாகப்பிரிவினை வழக்கில் ஒரு பெரியவர், நல்ல மனிதர், முதல் விசாரணையில் கணீர் கணீரென்று பதில் சொன்னார். அண்ணன் கையெழுத்துப் போட்டாரா என்றதும், "போட்டார்" என்பது சபை முழுக்கக் கேட்டது. "வெள்ளைத் தாளில்" என்பது டைப்பிஸ்ட்டுக்கே கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிட்டேன் என்பார். அசல் பொய்ச்சாட்சி அப்படி முனக மாட்டான், அவனுக்கு ஒளிக்க எதுவும் இல்லை. பிரமாணத்தில் 'முழு உண்மை' என்று தனியாக வைத்திருப்பதே இந்த மாதிரி நல்லவர்களுக்காகத்தான்.

என் கட்சி இதுதான். பொய் சொல்லியாவது படையைக் காக்கிறேன், வருகிற பாவம் எனக்கு வரட்டும் என்று தருமர் இறங்கியிருந்தால் அது வேறு. சொல்லமாட்டேன் என்று மறுத்திருந்தாலும் வேறு. அவருக்கு வெற்றியும் வேண்டும், பொய் சொல்லாதவன் என்ற பெயரும் வேண்டும். அந்த விஷயத்தில் கௌசிகனும் அவரும் ஒரே ஜாதி. தரைக்கு நாலு விரல்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த தருமரின் தேர் அந்த நிமிஷமே தரையைத் தொட்டது. இந்திரனும் கடைசியில் பொய் சொன்னாய் என்று சொல்லவில்லை. மகன் விஷயத்தில் துரோணரைத் தந்திரமாக ஏமாற்றினாய், அதனால் உனக்கும் தந்திரமாகவே நரகத்தைக் காட்டினோம் என்கிறான்.

சந்தேகப்பிராணி:

கிளார்க் ஐயா வாதம் அழகு, ஆனால் சாட்சியத்தைப் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். எல்லா அரசர்களும் நரகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அதே இந்திரன்தான் சொல்கிறான். பீமன், அர்ஜுனன், திரௌபதி எல்லோருடைய குரலும் அந்த நரகத்திலிருந்து கேட்கிறதே, அவர்கள் எந்த யானையை முணுமுணுத்தார்கள்?

அடுத்தது, துரோணரை அப்பாவியாகவும் ஆக்காதீர்கள். அஸ்திரம் தெரியாத சாதாரண வீரர்கள் மேல் பிரம்மாஸ்திரம் விட்டுக் கொன்றுகொண்டிருந்தவர் அவர். நீ செய்வது அதர்ம யுத்தம் என்று ரிஷிகளே வந்து சொல்கிறார்கள். இன்னும் அரை நாள் இவர் சண்டை போட்டால் நம் சேனை இருக்காது, உயிரைக் காக்கச் சொல்லும் பொய்யில் பாவமில்லை என்று தருமரிடம் வாதாடியதும் கண்ணன்தான். ரெண்டு நாள் கழித்து அர்ஜுனனிடமும் அதே வாதம். அப்புறம் தருமருக்கு மட்டும் ஏன் சம்மன்? யோசனை சொன்னவருக்கு?

கூத்துப்பைத்தியம்:

அர்ஜுனனுக்கே அந்தப் பொய் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாலியைக் கொன்ற பழி ராமனுக்கு நின்ற மாதிரி இது உமக்கு நிற்கும் என்று அண்ணனிடம் முகத்துக்கு நேரே சொல்கிறான்.

மிளகுரசம்:

எல்லோருக்கும் நன்றி. கிளார்க் சார், ஒரே ஒரு குறுக்குக் கேள்வி. அர்ஜுனன் விரதத்துக்குக் கண்ணன் கண்டுபிடிக்கிற வழியும் தந்திரம்தானே? மூத்தவரை 'நீ' என்று பேசி அவமதித்தால் கொன்றதற்குச் சமம், பேசு என்கிறார். பேசிவிட்டு, அண்ணனை இப்படிப் பேசிவிட்டேனே, சாகிறேன் என்று மறுபடி வாளை எடுக்கிறான். தன்னையே புகழ்ந்துகொண்டால் அது தற்கொலைக்குச் சமம் என்று அதற்கும் ஒரு வழி! இதுக்கு மட்டும் நரகம் இல்லையா?

பழைய பெஞ்சு கிளார்க்:

தம்பி, அங்கே ஏமாந்தவர் யார் என்று பாருங்கள். அர்ஜுனன் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் தருமர் காதில் தெளிவாக விழுந்தது. அவர் படுக்கையை விட்டு எழுந்து, நான் காட்டுக்குப் போகிறேன், பீமனே ராஜாவாக இருக்கட்டும் என்று கிளம்பியே விட்டார். கண்ணனே அவர் காலில் விழுந்து நிறுத்த வேண்டியதாயிற்று. துரோணரோ ஒருவனை நம்பிக் கேட்டார்.

சந்தேகப்பிராணிக்கு: கண்ணன் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்திரீ பர்வத்தில் காந்தாரி அவருக்குக் கொடுக்கிற சாபத்தைப் படியுங்கள். அவள் போட்ட கேஸ் உங்களுடையதை விடக் கடுமை.

சந்தேகப்பிராணி:

படித்திருக்கிறேன் ஐயா. சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.