கலைச்சொல் விவாதம்: மீள்நடிப்பா, மீள்நிகழ்த்தலா, படுகளமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இளங்கலை வரலாற்று மாணவர்களுக்கான ஒரு பாடத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘ரீஎனாக்ட்மென்ட்’, அதாவது பழைய நிகழ்ச்சி ஒன்றை மக்கள் திரும்ப நடத்திக் காட்டுவது, என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘மீள்நடிப்பு’ என்று போட்டு வைத்திருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை.

பாடத்தில் வரும் முதல் எடுத்துக்காட்டு ஜெர்மனியில் பவேரியாவின் லாண்ட்ஸ்ஹூட் நகரம். 1475 நவம்பரில் அந்நாட்டுக் கோமகனின் மகன் கியோர்குக்கும் போலந்து அரசர் நான்காம் கசிமீரின் மகள் ஹெட்விக்குக்கும் அங்கே திருமணம் நடந்தது. பேரரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக்கே வந்திருந்தார். அந்தக் கல்யாணத்தை 1903 முதல் ஊர் மக்கள் திரும்ப நடத்திவருகிறார்கள். இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, கோடையில் நடக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர்க்காரர்கள் பதினைந்தாம் நூற்றாண்டு உடையில் ஊர்வலம் போவார்கள். பொய்முடிக்கு இடமில்லை என்பதால் ஆண்கள் மாதக்கணக்கில் முடி வளர்ப்பார்கள். மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் கூடாது. மணமகனாகவும் மணமகளாகவும் ஊர் இளைஞர்களையே தேர்ந்தெடுப்பார்கள்.

இதற்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும். வகுப்பில் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

புதியவகுப்பு எழுதியது:

அக்கா, ‘மீள்நடிப்பு’ வேண்டவே வேண்டாம். ‘நடிக்காதே’ என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். ஆண்டு முழுக்க முடி வளர்த்து, அந்தக் காலத்துத் தையலையே கற்றுக்கொண்டு வருகிறவரைப் பார்த்து அதைச் சொன்னால் புண்படுவார். ‘மறு அரங்கேற்றம்’ என்று சில இதழ்களில் வருகிறது, அதுவும் சரியில்லை. அரங்கேற்றம் என்பது முதல் முறை அரங்கேறுவது, அதற்கு மறு எப்படி வரும்? ‘மீளுருவாக்கம்’ சிதைந்த கோபுரத்தைப் புதுப்பிப்பவர்களிடமும் உயிரியல்காரர்களிடமும் போய்விட்டது.

என் பரிந்துரை ‘மீள்நிகழ்வு’. சுருக்கமாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

பழம்பாடம் எழுதியது:

அன்பர்களே, ‘மீள்நிகழ்வு’ வினைத்தொகை. மீண்ட நிகழ்வு, மீள்கின்ற நிகழ்வு, மீளும் நிகழ்வு என்று முக்காலத்துக்கும் விரியும். எப்படி விரித்தாலும் நிகழ்வே திரும்பி வருவதாகத்தான் பொருள். 1475 திரும்பி வருமா? வருவதெல்லாம் ஊர் மக்கள் செய்வது. எனவே தன்வினையான ‘நிகழ்’ ஆகாது, பிறவினையான ‘நிகழ்த்து’ வேண்டும். மீள்நிகழ்த்தல்.

ஆனால் அங்கேயும் நிற்க முடியாது. வாள் + நுதல் ‘வாணுதல்’ ஆவதுபோல் மீள் + நிகழ்த்தல் ‘மீணிகழ்த்தல்’ என்றுதான் புணரும். இடையில் புள்ளி எழுத்தை அப்படியே விட்டுவிடும் பழக்கம் அச்சுக்கூட வழக்கம், இலக்கணம் அன்று.

இன்னொன்று. ‘மீள்’ தன்வினை, ‘நிகழ்த்து’ பிறவினை. இரண்டையும் ஒட்டவைப்பதைவிட ‘மீட்டு’ என்ற பிறவினையே போதும். வீணை மீட்டுதலைப் பாருங்கள். சுண்டிய நரம்பு தன் இடத்துக்கு மீள்கிறது, மீளச் செய்வது மீட்டல். என் துணிபு இது. அகராதிகள் இரண்டையும் பிரித்தே காட்டலாம், ஆனால் கருத்து ஒன்று. அறுந்துபோகாத நரம்பைத்தான் மீட்ட முடியும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

யாழ்முற்றம் எழுதியது:

ஐயா சொன்ன ‘மீட்டல்’ எங்களிடம் அன்றாடச் சொல். இலங்கைப் பள்ளிகளில் பரீட்சைக்கு முன் பாடங்களைத் திருப்பிப் படிப்பது மீட்டல்தான். மீட்டற் பயிற்சி என்று பயிற்சிப் புத்தகங்களில் அச்சிடுவார்கள். பழைய நினைவுகளை இரைமீட்டுவது என்றும் சொல்வோம். நினைவு என்ற பொருள் அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதனாலேயே சிக்கல். ‘லாண்ட்ஸ்ஹூட் திருமண மீட்டல்’ என்று எழுதினால் எங்கள் மாணவர்கள் கல்யாணத்தைப் பற்றிய கேள்வித்தாள் வருகிறது என்று நினைப்பார்கள். தமிழ்நாட்டு மாணவர் மணமகளைக் காப்பாற்றுகிறார்கள் என்று நினைப்பார்.

செங்கம்கூத்து எழுதியது:

ஐயா, நரம்பை விடுங்கள். இந்த வேலைக்கு நம் வட்டாரத்தில் சொல் காலங்காலமாக இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா முடிகிற இடத்தில் வருவது படுகளம். களத்தில் துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகக் கிடத்தியிருப்பார்கள். ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நீளம், முகத்துக்கு வண்ணம் தீட்டி, மீசை முறுக்கி வைத்திருப்பார்கள். பீமன் வேடம் கட்டியவர் கதாயுதத்தோடு அதன் மேல் ஏறிக் களமெல்லாம் சுற்றி வருவார். கடைசியில் தொடையில் அடிப்பார். உள்ளே வைத்த சிவப்புச் சாயம் கசியும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி தன் விரித்த கூந்தலை முடிவாள். சுற்றி நிற்கிறவர்கள் யாரும் அதை நாடகம் என்று சொல்வதில்லை. “படுகளம் பார்க்கப் போகிறோம்” என்றுதான் சொல்வார்கள்.

போரைத் திரும்ப நடத்துவதற்குப் படுகளம் என்று சொல்லலாமே? வாட்டர்லூ படுகளம், கெட்டிஸ்பர்க் படுகளம். நமக்குள்ளே இருக்கும் சொல்லை விட்டு ஏன் ‘மீள்’ தேடி அலைகிறோம்?

புதியவகுப்பு எழுதியது:

அண்ணே, சொல் அழகுதான். ஆனால் படுகளத்தில் அந்தக் கதை உண்மையா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் தேவையில்லை. அது வழிபாடு. வரலாற்றுத் திருவிழாவில் அந்தக் கேள்வி ஒவ்வொரு பொத்தானிலும் எழுகிறது. துணி சரியா, காலணி சரியா என்று கூட்டத்திலேயே சண்டை வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவர் குழம்புவார். அப்புறம் கல்யாணத்துக்குப் படுகளம் என்று சொல்ல முடியாது.

வைகைக்கரை எழுதியது:

தம்பி சொல்வது சரி, ஆனால் பொத்தான் சரியாக இருப்பதுதான் உண்மை என்று பாடம் சொல்லவில்லை. லாண்ட்ஸ்ஹூட் நகர மன்றத்தின் பெரிய கூடத்தில் 1880-களில் அந்தத் திருமண ஊர்வலத்தைச் சுவர் ஓவியமாகத் தீட்டினார்கள். அதைப் பார்த்துதான் ஊர் மக்களுக்கு விழா எடுக்கும் எண்ணமே வந்தது. ஆக அவர்கள் 1475-ஐ மட்டும் திரும்ப நடத்தவில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியத்தையும் நடத்துகிறார்கள். நவம்பர்க் குளிரில் நடந்த கல்யாணம் கோடைக்கு வந்துவிட்டது.

விட்டுப்போனவையும் உண்டு. மணமகனின் தந்தை லுட்விக், ஞானஸ்நானத்துக்கு இணங்காத யூதர்களை 1450-இல் தன் நாட்டை விட்டே வெளியேற்றியவர். திருமண ஊர்வலத்தில் அதற்கு இடம் ஏது? ஹெட்விக் பின்னாளில் புர்க்ஹவுசன் கோட்டையில் வாழ்ந்து 1502-இல் அங்கேயே இறந்தார். ஆண் வாரிசு இல்லாமல் போனதால் 1504-இல் வாரிசுரிமைப் போர் மூண்டு நாடே எரிந்தது. ஊர்வலம் கல்யாணத்தோடு நின்றுவிடுகிறது. ஊர் எதைத் தன் நினைவாக வைத்துக்கொள்ளத் தேர்கிறது என்பதுதான் பாடத்தின் மையம். சொல்லில் அந்தத் தேர்வு தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன். ‘மீள்’ என்றால் பழையது அப்படியே வருவதுபோல் ஒலிக்கிறது.

யாழ்முற்றம் எழுதியது:

அம்மா, அப்படியானால் ‘நிகழ்த்திக்காட்டல்’. காட்டல் என்றால் ஒருவர் காட்டுகிறார், ஒருவர் பார்க்கிறார், எதைக் காட்டுவது என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். சின்னப் பிள்ளைக்கும் புரியும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையையும் நினைத்துப் பாருங்கள். ஊரில் தீய நிமித்தம் கண்டதும் இடைச்சியர் கண்ணன் ஆடிய வாலசரிதை நாடகங்களில் ஒன்றான குரவையை ஆடுவோம் என்று எழுகிறார்கள். ஏழு பெண்களுக்கு ஏழிசையின் பெயர் சூட்டி, ஒருத்தியை மாயவன், ஒருத்தியை நப்பின்னை என்று நிறுத்தி ஆடுகிறார்கள். பழங்கதையை இன்றைய அச்சத்துக்கு மருந்தாக எடுக்கிறார்கள். அங்கேயும் தேர்வு இருக்கிறது.

பழம்பாடம் எழுதியது:

குரவையை எடுத்தது மகிழ்ச்சி. அங்கே ‘நாடகம்’ என்றே இளங்கோ சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். ‘வரலாற்று நாடகம்’ என்று விட்டுவிட்டால்கூட நான் மறுக்கமாட்டேன். ‘நிகழ்த்திக்காட்டல்’ மட்டும் கலைச்சொல் ஆகாது, அது விளக்கம். கலைச்சொல் கொட்டைபோல் இறுகியிருக்க வேண்டும்.

நிற்க, ‘ஐதீகம்’ என்ற சொல்லை ஏன் யாரும் எடுக்கவில்லை? கோயில் விழாக்களில் பழைய கதையை ஆண்டுதோறும் நடத்துவதற்கு அர்ச்சகர்களிடம் வழங்கும் சொல் அது. வடமொழியில் ‘இதி ஹ’, அதாவது ‘இப்படித்தான்’ என்பதிலிருந்து பிறந்தது. ‘இதிகாசம்’ வந்த வழியும் அதுவே. தனித்தமிழ் அன்று என்பதால் என்னால் ஆதரிக்க இயலாது, ஆனால் பொருளால் இதைவிட நெருங்கிய சொல் இல்லை. இப்படித்தான் நடந்தது என்று ஊரே சேர்ந்து சொல்வதுதானே இந்த விழா?

செங்கம்கூத்து எழுதியது:

ஐயா, ஆதரிக்க முடியாத சொல்லை எதற்கு இவ்வளவு நேரம் விளக்குகிறீர்கள் என்று கேட்க மனம் வரவில்லை, ஏனென்றால் விளக்கம் நன்றாக இருந்தது. நாம் ‘விழா’ என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். எல்லாம் விழாவா?

புதியவகுப்பு எழுதியது:

நல்ல கேள்வி அண்ணே. வர்ஜீனியாவில் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியக நகரில் 1994 அக்டோபரில் அடிமை ஏலத்தை நடத்திக் காட்டினார்கள். அங்கே ஆப்பிரிக்க அமெரிக்கர் பிரிவின் பொறுப்பாளராக இருந்த கிறிஸ்டி கோல்மனே ஏலம் போகும் பெண்ணாக நின்றார். கேளிக்கையாகிவிடும் என்று கறுப்பின உரிமை அமைப்பினர் எதிர்த்தார்கள். எதிர்க்க வந்தவர்களில் ஒருவர் பார்த்துவிட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இங்கிலாந்தில் 2001-இல் ஜெரமி டெல்லர் என்ற கலைஞர், 1984-இல் ஆர்கிரீவில் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் காவல்துறைக்கும் நடந்த மோதலைத் திரும்ப நடத்தினார். அன்று அடிபட்ட தொழிலாளர்கள் பலர் தாங்களே வந்து கலந்துகொண்டார்கள், சிலர் காவலர் உடை போட்டு எதிர்ப்பக்கம் நின்றார்கள். இவற்றை விழா என்று எப்படிச் சொல்வது? இன்னும் ஆறாத புண் அது. ஆகவே ‘விழா’, ‘நாடகம்’, ‘ஐதீகம்’ மூன்றும் போகட்டும். என் ‘மீள்நிகழ்வை’யும் விட்டுவிடுகிறேன். மீள்நிகழ்த்தலுக்கு என் வாக்கு.

யாழ்முற்றம் எழுதியது:

வெள்ளிக்கிழமை நெருங்குவதால் நானும் மீள்நிகழ்த்தலுக்கே. ஆனால் முதல் முறை வரும் இடத்தில் ‘பழைய நிகழ்ச்சியை மக்கள் தேர்ந்தெடுத்து நிகழ்த்திக் காட்டுவது’ என்று ஒரு வரி விளக்கம் போடுங்கள் அம்மா. அந்த வரி இல்லையென்றால் என் வாக்கு இல்லை. வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தையும் பெட்டிச் செய்தியாகச் சேர்க்கலாம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்த வழியில் இப்போதும் ஏப்ரலில் நடக்கிறார்கள், கடைசியில் உப்பு அள்ளுகிறார்கள். அவர்கள் அதற்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் ‘நினைவு யாத்திரை’. அதை மாற்றிவிடாதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பொதுச் சொல்லாக ‘மீள்நிகழ்த்தல்’, முதல் இடத்தில் விளக்க வரியோடு. ஒவ்வொரு ஊரும் தன் நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் இருந்தால் அதுவே நிற்கும். படுகளத்தைத் தனிப் பெட்டியாகவே சேர்த்திருக்கிறேன், மாணவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து அடுத்த ஊருக்குப் போக அது உதவும். கலந்துகொள்பவருக்கு ‘மீள்நிகழ்த்துநர்’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு சிக்குகிறது. இப்போதைக்கு ‘பங்கேற்பவர்’ என்று விட்டிருக்கிறேன்.

பழம்பாடம் எழுதியது:

பெரும்பான்மை முடிவை மதிக்கிறேன். ‘மீணிகழ்த்தல்’ என்பதே சரி என்ற என் கருத்து பதிவில் இருக்கட்டும், என் கட்டுரைகளில் அப்படியே எழுதுவேன்.

செங்கம்கூத்து எழுதியது:

போருக்கு மட்டுமாவது படுகளம் என்றுதான் நான் வகுப்பில் சொல்லப்போகிறேன். பெட்டிக்கு நன்றி அம்மா. அந்தப் பாடத்தில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் ஹால்ப்வாக்ஸின் ‘கூட்டு நினைவு’ வருமே, அதை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? ‘கூட்டு’ எனக்குப் போதவில்லை. ‘ஊர்நினைவு’ என்று ஒன்று தோன்றுகிறது, வியாழன் இரவுக்குள் பேசிவிடலாமா?