கீழடி அருங்காட்சியகம்: அரை நாள் போதுமா?

கேள்வி (ஊர்சுற்றி)
மதுரையிலிருந்து அப்பாவையும் எட்டாவது படிக்கும் மகளையும் பேருந்தில் கூட்டிப் போகிறேன். அப்பாவுக்கு 70 வயது. அகழாய்வுக் குழியும் அருங்காட்சியகமும் ஒரே இடத்தில்தானா? பானை ஓடு தவிர பார்க்க ஏதாவது உண்டா?

சிலைமான் ரோடு
ஒரே இடமில்லை. குழிகள் கீழடி பள்ளிச்சந்தைத் திடலில், தென்னந்தோப்புக்குள். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் பக்கத்தில் கொந்தகையில். திருப்புவனம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறிச் சிலைமானில் இறங்குங்கள். தொலைதூர வண்டி என்றால் அங்கே நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பிறகு ஆட்டோ, திரும்பி வரவும் அதையே பேசிவிடுங்கள். கட்டடம் செட்டிநாட்டுப் பாணி, கூடங்கள் தனித்தனி. உச்சி வெயிலில் அப்பாவுக்குச் சிரமம், காலையிலேயே போங்கள். அரை நாள் தாராளம்.

சில்லு
பானை ஓடு தவிரவா? அதுதானே விஷயமே! கருப்பு சிவப்பு ஓடுகளை உற்றுப் பாருங்கள். உட்புறமும் வாய் விளிம்பும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. பூசிய சாயமல்ல. கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் புகாத பக்கம் கருக்கும், காற்றுப் பட்ட பக்கம் சிவக்கும்.

அடுத்தது கீறல்கள். ஏணி, மீன் மாதிரி இருப்பவை குறியீடுகள். 'ஆதன்', 'குவிரன்' என்று வருபவை தமிழி, அதாவது தமிழ் எழுதப் பயன்பட்ட பழைய பிராமி எழுத்து. கீறல் மெல்லியது, கண்ணாடியில் விளக்கு வேறு எதிரொளிக்கும். நேரே நின்றால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். ஆ, த, ன மூன்றையும் தமிழியில் ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுங்கள், அவளே கண்டுபிடித்துவிடுவாள். 'ன' அசோகர் கல்வெட்டுகளில் வரும் பிராமியில் கிடையாது, தமிழுக்கென்று வந்த எழுத்து.

தோப்புக்காரன்
குழியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள்களைப் பார்த்த பிறகு போனால்தான் மண்ணடுக்கு புரியும். ஆய்வு முடிந்த குழிகளில் பலவற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள், மழைக்காலத்தில் தார்ப்பாயும் போட்டிருக்கும். திறந்த குழி இருந்தால் உறைகிணற்றைத் தேடுங்கள்: சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருப்பார்கள், மணல் சரியாமல் இருக்க. விளிம்பில் நிற்க வேண்டாம், மண் பொலபொலவென்று உதிரும். வைகை அங்கிருந்து தெரியாது, வடக்கே ஏறக்குறைய 2 கி.மீ.

ஊர்சுற்றி
எல்லாமே 2600 வருசத்துப் பொருள்தானே?

சில்லு
இல்லைங்க. கி.மு. 580 என்பது 353 செ.மீ. ஆழத்தில் ஆய்வுக்கு எடுத்த மாதிரிக்குக் கிடைத்த காலம். 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 205. எந்தப் பொருளையும் அது கிடைத்த அடுக்கோடு சேர்த்தே பாருங்கள்.