மின்ட் அப்டேட்: வந்த உடனே போடணுமா, மாதம் ஒருமுறை போதுமா?

நாகலூர்:
லினக்ஸுக்குப் புதுசு, மின்ட் 22 என்ற லினக்ஸைப் போட்டிருக்கிறேன். கேடய ஐகான் தினமும் ஏதாவது அப்டேட் இருக்கிறது என்கிறது. ஏற்காட்டில் எனக்கு நெட் என்றால் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், மழை பிடித்தால் கரண்டும் போய்விடும். மாதம் ஒருமுறை மொத்தமாகப் போட்டால் போதாதா?

அஸ்தம்பட்டி:
போதாது தம்பி. 2022 ஜனவரியில் பிகேஎக்ஸெக் என்ற லினக்ஸ் கருவியில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததே, 2009 முதல் உள்ளேயே கிடந்தது, சாதாரண யூசர் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ளவர், ஆகிவிடலாம். திருத்தம் உடனே வந்தது, ஆனால் ஓட்டையைப் பயன்படுத்தும் நிரலும் சில மணி நேரத்தில் நெட்டில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மாதக் கடைசி வரை காத்திருப்பவர் அத்தனை நாளும் கதவைத் திறந்து போட்டிருக்கிறார்.

ஐந்துரோடு:
அண்ணா, அது மெஷினுக்குள் ஏற்கெனவே நுழைந்தவருக்குத்தான் உதவும். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 இரண்டிலும் திருட்டுத்தனமாக நுழைய பின்வாசல் வைத்திருந்தது தெரிந்ததே, அது யாருக்குப் போனது? புதுசு புதுசாக இழுத்துப் போடுகிறவர்களுக்கு. டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பான ஸ்டேபிளில் இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

அஸ்தம்பட்டி:
அதையும் இதையும் ஒன்றாகக் கட்டாதீங்க. மின்ட் 22க்கு அடிப்படை உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். அதில் பெரும்பாலும் வெர்ஷனை மாற்றாமல் ஓட்டையை மட்டும் அடைத்துத்தான் அனுப்புகிறார்கள், புது வெர்ஷனை ஓயாமல் தள்ளும் ரோலிங் டிஸ்ட்ரோ மாதிரி இல்லை. அப்புறம் ஃபயர்ஃபாக்ஸும் இதே அப்டேட் மேனேஜர் வழியாகத்தான் வருகிறது, கண்ட தளத்தையும் திறக்கிற பிரவுசரை ஒரு மாதம் பழசாக வைத்திருக்கச் சொல்கிறீர்களா?

ஐந்துரோடு:
சரி, பிரவுசரை ஒத்துக்கொள்கிறேன். சிஸ்டத்தின் மையமான கர்னல்? அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் பூட் ஆகாமல் நின்றால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்தில் லினக்ஸ் தெரிந்த கடையைத் தேடுவாரா? புதியவர் அப்டேட் பட்டியலில் கர்னலுக்கு இருக்கும் டிக்கை நீக்கிவிட்டு, ஊரில் நல்ல நெட் கிடைக்கும்போது போடட்டும்.

அஸ்தம்பட்டி:
கர்னலிலும் ஓட்டை அடைப்பு வரும்ங்க, ரொம்ப நாள் தள்ளக்கூடாது. பழைய கர்னல் அழியாமல் பக்கத்திலேயே இருக்கும். புதுசு மக்கர் செய்தால் பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழையதில் பூட் செய்யலாம். பாதியில் நின்றுபோன அப்டேட்டுக்கு அங்கேயே ரெக்கவரி மோடில் டிபிகேஜி என்று ஒரு வரி இருக்கிறது, அதைக் கொடுத்தால் விட்ட இடத்தைச் சரிசெய்யப் பார்க்கும். தம்பி, சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்ட் ஆன் செய்திருக்கிறீர்களா?

நாகலூர்:
இல்லைங்க அண்ணா. லேப்டாப்தான், பேட்டரி நன்றாக நிற்கும்.

ஐந்துரோடு:
பேட்டரி நிற்கும் என்றால் பாதி பயம் போச்சு. இருந்தாலும் டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்காமல் கர்னலைத் தொடாதீங்க, இதில் நான் இறங்கி வரமாட்டேன்.