புதுப்பிப்பு: நின்றால் படபடப்பு, ஒரு பெயர் கிடைத்தது

எழுந்து நின்றாலே தலைசுற்றல், படபடப்பு, தீராத அசதி, மூட்டுவலி. ஆனால் ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று நாலு மாதம் முன்பு எழுதியிருந்தேன். வயது 22. "டென்ஷன்தான்" என்றவர்களே அதிகம்.

புதிய டாக்டர் படுக்கவைத்து நாடி பார்த்தார்: 72. அப்புறம் 10 நிமிடம் நிற்கச் சொன்னார். 118 வரை ஏறி அங்கேயே நின்றது. ரத்த அழுத்தம் இறங்கவில்லை. பெரியவர்களுக்கு இப்படி 30 துடிப்புக்கு மேல் கூடி, அறிகுறிகளும் மாதக்கணக்கில் நீடித்தால் 'பாட்ஸ்' (POTS) என்ற கோளாறு என்கிறார்கள். நிற்கும்போது ரத்தம் கீழே தேங்க, இதயம் ஈடுகட்ட வேகமாக அடிக்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். என் கற்பனை இல்லை அது.

இப்போது டாக்டர் சொன்ன அளவில் தண்ணீரும் உப்பும் கூடுதல், அழுத்தக் காலுறை. மூட்டுவலிக்குத்தான் இன்னும் விடை இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.