ஸ்பைடர்மேன் 2 கணினி விளையாட்டில் வலை சில இடங்களில் மட்டுமே பிடிக்கிறது: தீர்வு தெரிந்தவர்கள் உதவவும்

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். 2004-ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்பைடர்மேன் 2 திரைப்படத்தை ஒட்டிய விளையாட்டின் கணினி டிஸ்க் ஒன்றைக் கோயம்புத்தூரில் பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கினேன். பள்ளியில் படித்த காலத்தில் இதே விளையாட்டைப் பொள்ளாச்சியில், மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கேம் சென்டரில், பிளேஸ்டேஷன் 2-இல் விளையாடியிருக்கிறேன். இப்போது என் அக்கா மகனுக்கு அதைக் காட்ட வேண்டும் என்பதே நோக்கம்.

டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறது. நிறுவுவதிலும் திறப்பதிலும் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் வலையில்தான். எனக்கு நினைவிருக்கும் விளையாட்டில் எந்தக் கட்டடத்தின் அருகில் நின்று பட்டனை அழுத்தினாலும் வலை பாய்ந்து அந்தக் கட்டடத்தைப் பற்றிக்கொள்ளும். ஊர் முழுவதும் தொங்கியபடியே போய்வரலாம். இங்கோ, சில இடங்களில் மட்டும் திரையில் ஒரு குறி தோன்றுகிறது. அதை மவுஸால் சுட்டினால் வலை பாய்கிறது, மற்ற இடங்களில் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. நகரமும் முழுதாகத் திறக்கவில்லை; ஒரு பகுதியை முடித்தால் அடுத்த பகுதிக்குத் தானாகவே கொண்டுபோய்விடுகிறது.

என்னிடம் இருப்பது அலுவலகங்களில் கழித்துவிட்ட கணினி: ஐ5-3470 பிராசஸர், 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, விண்டோஸ் 7. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றியும், திரை அளவைக் குறைத்தும் பார்த்துவிட்டேன். நகரத்தின் பாதி ஏற்றப்படாமல் போகிறதோ என்பது என் ஐயம்.

வாளையாற்றுக்காரன்

கேம்பேடு பயன்படுத்துகிறீர்களா, கீபோர்டும் மவுஸுமா என்று சொல்லவில்லையே. மலிவான யுஎஸ்பி கேம்பேடாக இருந்தால் அதன் நடுவில் 'அனலாக்' என்று ஒரு பட்டன் இருக்கும். சிவப்பு விளக்கு எரியாத நிலையில் சில பட்டன்கள் வேறு வேலை செய்யும். மேலும், 2005-க்குப் பின் வந்த எக்ஸ்பாக்ஸ் வகைக் கேம்பேடுகளை அதற்கு முந்தைய விளையாட்டுகள் சரியாக அடையாளம் காண்பதில்லை. அதைச் சரிபார்த்த பிறகு, விண்டோஸ் 10-க்கு மாறிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

தென்னந்தோப்பு

கேம்பேடு இல்லை, அண்ணா. கீபோர்டும் மவுஸும்தான். எல்லா விசைகளும் வேலை செய்கின்றன. அடிப்பதும் தாவுவதும் சுவரில் ஏறுவதும் சரியாகவே நடக்கின்றன.

நகரி வாசகர்

முதலில் ஒரு வேண்டுகோள்: இந்த விளையாட்டுக்காக விண்டோஸ் 10-க்கு மாறிவிட வேண்டாம். அந்தக் காலத்து டிஸ்க்குகளில் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு முறை இருந்தது. அதற்கு வேண்டிய டிரைவரை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணங்களுக்காக விண்டோஸ் 10-இல் சேர்க்கவே இல்லை. அத்தகைய டிஸ்க்குகள் அங்கே திறக்கவே மாட்டா. இப்போது ஓடிக்கொண்டிருப்பதை எதற்காகக் கலைக்க வேண்டும்?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கணினியில் எந்தக் குறையும் இல்லை, டிஸ்க்கிலும் இல்லை. நீங்கள் பொள்ளாச்சியில் ஆடியதும் இப்போது வாங்கியிருப்பதும் இருவேறு விளையாட்டுகள். இரண்டையும் வெளியிட்டது ஆக்டிவிஷன் நிறுவனம். படமும் ஒன்று, பெயரும் ஒன்று, ஆண்டும் ஒன்று. ஆனால் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகிய மூன்றுக்கும் விளையாட்டைச் செய்தது டிரேயார்க் என்ற குழு. கணினிக்குச் செய்தது டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இருந்த ஃபிஸ் ஃபேக்டர் என்ற வேறு குழு. ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றி எழுதவில்லை, தனித்தனியாகவே எழுதினார்கள். சிறுவர்கள் குழம்பாமல் ஆடட்டும் என்று கணினிப் பதிப்பை எளிதாக்கியிருக்கிறார்கள் என்பது ஆடிப் பார்த்தாலே தெரிகிறது. நீங்கள் சொன்ன குறிகளும், பகுதி பகுதியாக நகரும் அமைப்பும் அந்தப் பதிப்பின் இயல்பான வடிவம். ஆகவே, எந்தச் செட்டிங்கை மாற்றினாலும் அங்கே முழு மன்ஹாட்டன் (கதை நடக்கும் நியூயார்க் நகரப் பகுதி) திறக்காது.

கன்சோல் பதிப்பு, அதாவது பிளேஸ்டேஷன் 2 போன்ற விளையாட்டுக் கருவிகளுக்கான பதிப்பு, ஏன் அவ்வளவு நினைவில் நிற்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. அதில் வலை வெறும் அலங்காரம் இல்லை. அதற்கு முன் 2002-இல் வந்த விளையாட்டில் வலை மேலே வானத்தில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துச் சிரிக்காதவர் குறைவு. 2004-இல் டிரேயார்க் குழுவினர் அதை மாற்றி, வலையின் நுனி உண்மையான கட்டடத்தின் மேல் ஒரு புள்ளியில் ஒட்டும்படி செய்தார்கள். அதன்பின் நடப்பதெல்லாம் ஊஞ்சலின் கணக்குதான்: வலையின் நீளம், நீங்கள் விழுந்துவந்த வேகம், எந்தப் புள்ளியில் கையை விடுகிறீர்கள் என்பது. கீழே வந்து மேலேறும் நேரத்தில் விட்டால் உயரம் கிடைக்கும். உச்சிக்குப் போய்ச் சோர்ந்த பின் விட்டால் நேராக விழ வேண்டியதுதான். அருகில் கட்டடமே இல்லாத ஆற்றின்மேல் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போவதும் அதே கணக்கால்தான். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் அந்தச் சிறு வேலைகூட அலுக்காமல் போனதற்கு இந்த ஊசலாட்டமே காரணம் என்பேன். கதை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அது வேறு விஷயம்.

தென்னந்தோப்பு

மிக்க நன்றி, ஐயா. பெட்டியின்மேல் ஒரே படமும் பெயரும் இருந்ததால் இரண்டும் ஒன்றே என்றுதான் கடைக்காரரும் சொன்னார். அப்படியானால் கன்சோல் பதிப்பைக் கணினியில் ஆட வழி உண்டா? கைப்பேசியில் பிஎஸ்பி (சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி) எமுலேட்டர், அதாவது அந்தக் கருவியைப் போல நடிக்கும் மென்பொருள், போட்டால் இதே விளையாட்டு கிடைக்கும் என்று அக்கா மகன் சொல்கிறான்.

குமுளிச் சாரல்

பிஎஸ்பி-யில் இருப்பதும் வேறு விளையாட்டுதான். அதைச் செய்தது விகேரியஸ் விஷன்ஸ் என்ற மூன்றாவது குழு. ஒவ்வொரு நிலையாக முடித்துக்கொண்டு போகும் அமைப்பு அது. அங்கும் திறந்த நகரம் இல்லை. நீங்கள் தேடுவது அந்த மூன்று கன்சோல்களில் மட்டுமே உண்டு.

எமுலேட்டர் வேண்டாம் என்றால், 2007-இல் மூன்றாம் படத்தை ஒட்டி வந்த ஸ்பைடர்மேன் 3-இன் கணினிப் பதிப்பைத் தேடிப் பாருங்கள். அதில் முழு நகரமும் திறந்தே இருக்கும், வலை கட்டடங்களில் ஒட்டும், கறுப்பு உடையும் உண்டு. ஆனால் முக்கியமான சண்டைகளின் நடுவே திரையில் தோன்றும் பட்டனை நொடியில் அழுத்தாவிட்டால் மீண்டும் தொடங்க வேண்டும் என்பது எரிச்சலூட்டும். சிறுவனிடம் கொடுக்கும்போது அதை மனத்தில் கொள்ளுங்கள். 2012-இலும் 2014-இலும் வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் விளையாட்டுகளை இணையக் கடைகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உரிமக்காலம் முடிந்ததால் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வாளையாற்றுக்காரன்

2022-இல் கணினிக்கு வந்த புதிய ஸ்பைடர்மேன் விளையாட்டையே வாங்கிவிடலாமே?

குமுளிச் சாரல்

அது எந்தத் திரைப்படத்தையும் ஒட்டியதில்லை, தனிக்கதை. அதைவிட, குறைந்தபட்சமாகவே 75 ஜிபி இடமும் ஜிடிஎக்ஸ் 950 கிராபிக்ஸ் கார்டும் விண்டோஸ் 10-உம் கேட்கிறது. இவரிடம் இருக்கும் கணினியில் அது நடக்காது.

நகரி வாசகர்

எமுலேட்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிளேஸ்டேஷன் 2-க்கு பிசிஎஸ்எக்ஸ்2 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2024-இல் வந்த 2.0 பதிப்பு விண்டோஸ் 7-இல் ஓடாது. 2020-இல் வந்த 1.6 ஓடும். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் மட்டும் போதாது. பிளேஸ்டேஷன் 2-இன் பயாஸ் கோப்பும் (கருவியைத் தொடங்கிவைக்கும் அதன் உள் மென்பொருள்), விளையாட்டின் உண்மையான டிஸ்க்கும் வேண்டும். இணையத்தில் இரண்டும் கிடைக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே; ஆனால் பயாஸ் சோனியின் உரிமைப் பொருள் என்பதால், உங்கள் சொந்தக் கருவியிலிருந்து எடுப்பதே முறை. உறவினர் வீட்டில் லென்ஸ் போய் டிஸ்க் படிக்காத பழைய பிளேஸ்டேஷன் 2 எங்காவது பரணில் கிடக்கும். அதுவே போதும், ஏனெனில் பயாஸ் எடுக்க டிஸ்க் டிரைவ் தேவையில்லை. ஃப்ரீ எம்சிபூட் (மெமரி கார்டிலிருந்து வெளி நிரல்களை ஓட்டவிடும் மென்பொருள்) பதிந்த மெமரி கார்டைச் செருகித் தொடங்கி, பயாஸ் எடுக்கும் சிறு நிரலை பென்டிரைவிலிருந்து ஓட்டினால், கோப்பு அந்த பென்டிரைவிலேயே பதிவாகிவிடும். வாங்குவதற்கு முன் கருவியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தாளில் மாடல் எண்ணைப் பாருங்கள். 90000 வரிசையில் கடைசியாக வந்த மெல்லிய கருவிகளில் சிலவற்றில் ஃப்ரீ எம்சிபூட் வேலை செய்யாது. தடித்த பழைய கருவியானால் கவலையில்லை.

விளையாட்டு டிஸ்க்கைக் கணினியின் சாதாரண டிவிடி டிரைவிலேயே போட்டு, இம்க்பர்ன் போன்ற மென்பொருளால் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு டிஸ்க்கின் நகலாக, மாற்றிக்கொள்ளலாம். பழைய டிஸ்க்கை ஒவ்வொரு முறையும் சுழலவிடுவதைவிட அது நல்லது.

தென்னந்தோப்பு

தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். சித்தூரில் இருக்கும் என் மைத்துனரிடம் தடித்த கருவி ஒன்று இருந்தது; ஐரோப்பியப் பதிப்பு டிஸ்க்கும் ஒருவரிடம் கிடைத்தது. பயாஸ் எடுத்து, ஐஎஸ்ஓ செய்து, 1.6-இல் திறந்தேன். கட்டடத்தின் விளிம்பிலிருந்து குதித்து வலை விட்டதும் அது எதிர்க் கட்டடத்தின் மூலையைப் பற்றிக்கொண்டது. இதுதான் நான் தேடியது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் காட்சிகள் சரியாக ஓட, நகரத்தில் தொங்கத் தொடங்கினால் ஒலி விட்டு விட்டுக் கேட்கிறது, படம் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சாளரத்தின் மேல்பட்டையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும், நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எண் 50-க்கு மேல் போவதே இல்லை. சில நேரம் 31 வரை இறங்குகிறது. 60 வர வேண்டாமா?

நகரி வாசகர்

ஐரோப்பியப் பதிப்பு 50 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்டது. அதில் 50 என்பதே முழு வேகம். அந்த எண்ணை விட்டுவிட்டு, அதன் அருகே இருக்கும் விழுக்காட்டைப் பாருங்கள். 100 காட்டினால் எல்லாம் சரி. 31-க்கு இறங்குவதுதான் உண்மையான சிக்கல்.

பிளேஸ்டேஷன் 2-இன் பிராசஸர் ஏறத்தாழ 295 மெகாஹெர்ட்ஸ்தான் என்றாலும், அதனுடன் இரண்டு வெக்டர் அலகுகளும் (கணக்குப் போடும் துணைப் பகுதிகள்) தனி கிராபிக்ஸ் சில்லும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அவை அனைத்தையும் எமுலேட்டர் ஒருசேர நடித்துக்காட்ட வேண்டியிருப்பதால், பிராசஸருக்குள் இருக்கும் கோர்களின் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின்) எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகமே முக்கியம். உங்கள் ஐ5 அதற்குப் போதும். திணறுவது உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்தான். திறந்த நகரத்தில் ஒரே நேரத்தில் வரைய வேண்டியவை அதிகம் என்பதால், வீட்டுக்குள் ஓடுவது வெளியே நிற்கிறது.

கிராபிக்ஸ் செட்டிங்கில் உள் திரை அளவை 'நேட்டிவ்' (கருவியின் அசல் அளவு) என்பதிலேயே வையுங்கள். பிளக்கின் (படம் வரையும் துணை நிரல்) தேர்வில் எஸ்எஸ்இ4 வகையை எடுங்கள்; இந்தப் பெயர்கள் பிராசஸரின் கட்டளைத் தொகுதிகளைக் குறிப்பவை. ஏவிஎக்ஸ்2 வகை உங்கள் பிராசஸரில் ஓடாது, அந்த வசதி அடுத்த தலைமுறையில்தான் வந்தது. வேகத்தைக் கூட்டும் ஸ்பீடுஹேக் செட்டிங் பக்கத்தில் எம்டிவியு என்பதை இயக்குங்கள். அது வெக்டர் அலகுகளில் ஒன்றின் வேலையைத் தனி கோருக்கு மாற்றிவிடும், நான்கு கோர் இருக்கும் உங்களுக்கு இழப்பில்லை. இஇ சைக்கிள் ரேட்டை (எமுலேட்டர் நடிக்கும் முதன்மைப் பிராசஸரின் வேகம்) மட்டும் குறைக்காதீர்கள். விழுக்காடு 100 காட்டும், ஆட்டம் மட்டும் விட்டுவிட்டு நகரும்.

இவ்வளவுக்குப் பிறகும் குறைந்தால் பழைய ஜிடி 1030 கார்டு ஒன்று போதும். அது 30 வாட் மட்டுமே எடுத்துக்கொள்ளும், தனி மின்கம்பி வேண்டாம். அலுவலகக் கணினிகளின் சிறிய பவர் சப்ளைக்கும் அது பாரமாகாது. உங்களுடையது மெல்லிய பெட்டியானால், உயரம் குறைந்த வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

தென்னந்தோப்பு

எம்டிவியு இயக்கியதும் 90-ஐத் தாண்டியது. போக்குவரத்து நிறைந்த தெருக்களில் மட்டும் 80-க்கு இறங்குகிறது. கார்டு வாங்கும் வரை இதுவே போதும் என்று தோன்றுகிறது. அக்கா மகன் இன்னும் கதைக்கே வரவில்லை. உயரமான கட்டடத்தின் உச்சிக்கு ஏறிக் குதிப்பதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறான்.

இன்னொரு கேள்வி. இங்கே மாலையில் மின்னழுத்தம் அடிக்கடி விழுகிறது; கணினி அணைந்துவிடுகிறது. எமுலேட்டரில் எஃப்1 விசையை அழுத்திச் சேமித்தால் போதுமா?

குமுளிச் சாரல்

எஃப்1 சேமிப்பை மட்டும் நம்ப வேண்டாம். அது அந்த எமுலேட்டர் பதிப்போடு ஒட்டியது. நாளை பதிப்பை மாற்றினால் திறக்காமல் போகலாம். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் மெமரி கார்டு சேமிப்பைச் செய்யுங்கள். அந்தக் கார்டு உங்கள் கணினியில் 8 எம்பி அளவுள்ள ஒரு கோப்பாக, மெம்கார்ட்ஸ் என்ற போல்டரில் இருக்கும். எமுலேட்டரை மூடிவிட்டு அதை வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். சேமித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் அந்தக் கோப்பே கெட்டுவிட வாய்ப்புண்டு, ஆகவே சிறிய யுபிஎஸ் ஒன்றைக் கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.